வீட்டில் புகையடுப்பு செய்வது: கொழும்பு வளவுக்கு ஏற்ற அமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் சொந்தமாக ஒரு ஸ்மோக்கர் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வெளியில் கிடைக்கும் வரைபடங்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் பெரிய வளவுகளையும், அங்குள்ள குளிரையும், அங்கு கிடைக்கும் மரத்தையும் நினைத்து வரைந்தவை. நமக்கு வெக்கை, ஈரம், உப்புக் காற்று, மதிலுக்கு மதில் ஒட்டிய வீடுகள். அதனால் பதில்களை இந்த ஊருக்கென்றே எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரும்பைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது காற்றுக்குக் கொடுங்கள். புகையடுப்பு நன்றாக வருவதும் வீணாகப் போவதும் அங்கேதான்.

கிரில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. தனியாகப் புகையடுப்பு எதற்கு?

கிரில்லில் இறைச்சி தணலுக்கு நேர் மேலே ஒரு சாண் உயரத்தில் இருக்கும். அங்கே சூடு 200 பாகை செல்சியஸை இலகுவாகத் தாண்டும். கோழித் துண்டு, இறால், கணவாய்க்கு அது போதும். ஆட்டுத் தொடை, பன்றித் தோள், மாட்டின் நெஞ்சுப் பகுதி போன்றவை வேறு வகை. வாழ்நாள் முழுவதும் உழைத்த தசைகள் அவை. அவற்றுக்குள் இருக்கும் கொலாஜன் என்னும் கடினமான இணைப்பு நார் இளகி, மென்மையான ஜெலற்றின் ஆக வேண்டுமானால் இறைச்சியின் நடுப்பகுதி 90 பாகையைத் தாண்ட வேண்டும், அதுவும் அவசரமில்லாமல். அதற்காகத்தான் அடுப்புக்குள் 107 முதல் 121 பாகை வரை மணிக்கணக்காகப் பிடித்து வைக்கிறோம். தணலிலிருந்து இறைச்சியைத் தூரமாக வைத்து, புகையோடு கூடிய சூடான காற்றை அதைச் சுற்றி ஓட விடுவதுதான் புகையடுப்பின் வேலை முழுவதும்.

எந்த வடிவத்தில் செய்வது நல்லது?

கொழும்பில் முதல் தடவை செய்கிறவருக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: நிமிர்த்தி வைத்த 200 லீட்டர் இரும்புப் பரல்.

டெக்சஸ் பாணியில், பக்கத்தில் தனி நெருப்புப் பெட்டியும் படுக்கை வாட்டில் நீண்ட உருளையும் உள்ள அடுப்பைத்தான் பலர் ஆசையோடு காட்டுவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அது ஒழுங்காக வேலை செய்ய 6 மில்லிமீட்டர் தடிப்பான இரும்பு வேண்டும். தடிப்புக் குறைந்தால் நெருப்பு ஏறும்போது ஏறி இறங்கும்போது இறங்கி, ஒரு முனை கருகி மறுமுனை பச்சையாக நிற்கும். தடிப்பான இரும்பின் விலை ஒரு பக்கம், அதைத் தூக்க நாலு பேர் வேண்டும் என்பது இன்னொரு பக்கம். நெருப்பையும் முக்கால் மணிக்கு ஒரு விறகு என்று பக்கத்திலேயே இருந்து ஊட்ட வேண்டும்.

பரல் அப்படி இல்லை. தணல் அடியில், இறைச்சி மேலே, சூடு தானாக ஏறுகிறது. ஒரு மில்லிமீட்டர் அளவே தடிப்பான தகடு என்றாலும் நமக்குப் பரவாயில்லை, ஏனென்றால் வெளியே எப்படியும் 30 பாகை. குளிர் நாட்டுக்காரர் பனிக்காலத்தில் கம்பளியால் சுற்றி வைக்கும் வேலையெல்லாம் நமக்குத் தேவையில்லை. இரண்டடி இடம் போதும், ஒரு மூலையில் நிற்கும்.

பரல் எங்கே வாங்கலாம்? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பழைய சோனகத் தெருவின் ஹாட்வெயார் கடைகளிலும் பஞ்சிகாவத்தைப் பக்கத்து பழைய இரும்புக் கடைகளிலும் விசாரித்துப் பாருங்கள். கிடைப்பது பெரிய விஷயமில்லை, அதற்குள் முன்பு என்ன இருந்தது என்பதுதான் விஷயம். தேங்காய் எண்ணெய், பாம் எண்ணெய், பழச்சாறு போன்ற சாப்பாட்டுச் சாமான் வந்த பரலையே எடுங்கள். தார் பரல், பெயின்ட் பரல், இரசாயனப் பரல் எதையும் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடாதீர்கள். "நல்லா எரிச்சு எடுத்தா சரி" என்று கடைக்காரர் சொல்லுவார். தகட்டின் மடிப்புகளுக்குள் போனது எரித்தாலும் முழுதாகப் போகாது. உள்ளே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாத பரலும் அதே கணக்குத்தான்.

அடுத்தது உட்பூச்சு. டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். வெறும் இரும்பின் சாம்பல் நிறம் தெரிந்தால் நல்லது. மஞ்சள், செம்மண், பொன் நிறத்தில் மினுங்கும் பூச்சு இருந்தால் அது எப்பொக்சி என்னும் பிசின் வகை. திறப்பால் சுரண்டினால் தோல் போலக் கிளம்பும். சாப்பாட்டுப் பரல்களிலும் இந்தப் பூச்சு இருப்பதுண்டு. அதை எடுக்கப் பரலுக்குள் பெரிய நெருப்பு மூட்டி, பூச்சு எரிந்து வெள்ளையாக உதிரும் வரை விட வேண்டும். அந்தப் புகை நச்சுப் புகை. நகரத்துக்குள் வீடுகளுக்கு நடுவில் அந்த வேலையைச் செய்யாதீர்கள். பூச்சில்லாத பரல் கிடைக்கும் வரை பொறுத்திருப்பதுதான் நல்லது.

மூடி தனியாகக் கழன்று, சுற்றிலும் வளையப் பூட்டு போடும் வகைப் பரல் கிடைத்தால் வேலை பாதியாகக் குறையும். மேல் பக்கம் முழுதாக மூடிய பரலை வாங்கினால் வெட்ட வேண்டி வரும். வெட்டுவதற்கு முன் கழுவி, தண்ணீர் நிரப்பி வைத்து, நீர் மட்டத்துக்கு மேலே மட்டும் வெட்டச் சொல்லுங்கள். மிச்சமாக நிற்கும் ஆவியில் கிறைண்டர் பொறி பட்டால் வெற்றுப் பரலும் வெடிக்கும்.

கல்வனைஸ் தகடு, கல்வனைஸ் வலை பாவிக்கலாமா?

நெருப்புப் பக்கம் வேண்டாம். அந்தப் பூச்சு நாகம். 420 பாகையில் உருகும், அதற்கு மேலே போகப் போக ஆவியாகத் தொடங்கும். தணலுக்குப் பக்கத்தில் அந்தச் சூடு சாதாரணமாக வரும். அதை மூச்சில் இழுத்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். வெல்டிங் பட்டறைக்காரர்களைக் கேட்டால் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இறைச்சி வைக்கும் தட்டுக்கும் கல்வனைஸ் வலை சரிவராது. புளியும் எலுமிச்சையும் ஊறிய இறைச்சி நாகத்தைக் கரைக்கும். தட்டுக்கு 304 ரகத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, தணல் கூடைக்குப் பூச்சில்லாத சாதாரண இரும்பு. பழைய குளிர்சாதனப் பெட்டியின் கம்பித் தட்டையும் எடுக்க வேண்டாம், அதன் பூச்சு என்னவென்று யாராலும் சொல்ல முடியாது.

அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டுத் துண்டை மூடியாகவோ சூடு தாங்கும் பலகையாகவோ வைக்கலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், நம் வீடுகளில் அது எங்கும் கிடப்பதால். கட்டாயம் கூடாது. சூட்டில் வெடித்துச் சிதறும், அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு.

காற்றுத் துளைகள் எத்தனை? எங்கே? எவ்வளவு பெரிது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அடுப்புக்குள் 110 பாகையில் இருக்கும் காற்று, வெளியே 30 பாகையில் இருக்கும் காற்றைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இலேசானது. இலேசான காற்று மேலே போகும், போகும்போது கீழே புதுக் காற்றை இழுக்கும். அந்த இழுவைதான் உங்கள் நெருப்பின் மூச்சு. உயரம் கூடக் கூட, உள்ளுக்கும் வெளிக்கும் சூட்டு வித்தியாசம் கூடக் கூட இழுவை கூடும். குளிர் நாட்டில் வெளிக்காற்று 5 பாகை என்றால் இழுவை தானாகவே நன்றாக இருக்கும். நம் வெக்கையில் அது குறைவு. அதனால் நமக்குப் புகைபோக்கி கொஞ்சம் தாராளமாக வேண்டும்.

பரலின் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே, சுற்றிலும் சம தூரத்தில் முக்கால் அங்குலத் துளை நான்கு போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிப்பிள் துண்டை (இரு முனையிலும் மரை உள்ள குட்டைக் குழாய்) நட்டுப் போட்டு இறுக்கி, மூன்றுக்குத் திருகு மூடியும் ஒன்றுக்குப் பந்து வால்வும் மாட்டுங்கள். பெரிய மாற்றத்துக்கு மூடிகளைக் கழற்றலாம், சின்ன மாற்றத்துக்கு வால்வைத் திருப்பலாம். வால்வு உள்ள துளைக்கு ஒரு முழங்கை இணைப்பு (எல்போ) வைத்துக் குழாயை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்தால் குனியாமல் பார்க்கலாம். முதுகு வலி உள்ளவர்கள் கட்டாயம் செய்யுங்கள்.

மூடியின் நடுவில் இரண்டு அங்குலக் குழாய் ஒன்று, ஓர் அடி நீளத்தில். கணக்குப் பாருங்கள்: கீழே நான்கு துளைகளும் சேர்ந்து இரண்டு சதுர அங்குலத்துக்குள்தான், மேலே ஒரே குழாய் மூன்று சதுர அங்குலத்துக்கு மேல். வெளியேறும் வழி உள்ளே வரும் வழியைவிட எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும். மேல் வழியை எப்போதும் முழுதாகத் திறந்தே வையுங்கள், சூட்டைக் கீழ் வழியால் மட்டும் ஆளுங்கள். மேலே அடைத்துச் சூட்டைக் குறைக்கப் பார்த்தால் புகை உள்ளேயே தேங்கி, இறைச்சியில் கரிப்பிசின் படியும். நாக்கு மரத்துப் போகும் கசப்பு அதனால்தான் வருகிறது.

செய்து முடித்ததும் ஒரு சோதனை. காய்ந்த பொச்சு மட்டைத் துண்டு ஒன்றை உள்ளே புகைய விட்டு, எல்லா வழிகளையும் அடைத்துவிட்டு, சுற்றி வந்து பாருங்கள். மூடியின் விளிம்பில், நிப்பிளின் ஓரத்தில், பக்கத்து மடிப்பில் எங்கே மெல்லிய நூல்போலப் புகை கசிகிறதோ அங்கேயெல்லாம் நீங்கள் கேட்காத காற்றும் உள்ளே போகும். விளிம்புக்குக் கண்ணாடி நார்க் கயிறும், நிப்பிளுக்குச் சூடு தாங்கும் சிலிக்கோனும் போதும். கசிவு நின்ற பரலில் மூடிகளையெல்லாம் அடைத்தால் கொஞ்ச நேரத்தில் நெருப்பு அணைய வேண்டும், மிச்சக் கரி அடுத்த முறைக்குக் கிடைக்க வேண்டும். அப்படி அணையவில்லை என்றால் இன்னும் எங்கோ ஓட்டை இருக்கிறது.

இறைச்சித் தட்டை எந்த உயரத்தில் வைப்பது?

தணல் கூடையின் அடியிலிருந்து 60 சென்ரிமீட்டர் தூரம். பரலின் உயரம் 88 சென்ரிமீட்டர் அளவு, தணல் கூடையை அடியிலிருந்து ஒரு கையகலம் உயர்த்தினால், தட்டு மேல் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 15 சென்ரிமீட்டர் கீழே வரும். மூடி தட்டையாக இருந்தால் கோழி முழுதாக நிற்க இடம் பார்த்துக்கொள்ளுங்கள். அரை அடிக்குக் கீழே இரண்டாவது தட்டு வைக்கலாம், அதில் சூடு கூடுதலாக இருக்கும்.

சிரட்டைக் கரி போதுமா?

நமக்குக் கிடைத்த நல்ல எரிபொருள் அது. கடினமானது, அதிகச் சூடு தரும், புகை குறைவு. ஆனால் துண்டுகள் சிறியவை, தட்டையானவை. ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்றை அடைக்கும், காற்றுக் கிடைத்த இடத்தில் சட்டென்று ஏறிவிடும். நான் சொல்வது: அடியிலும் நடுவிலும் பெரிய துண்டு விறகுக் கரி, இடையிடையே சிரட்டைக் கரி. கூடையின் ஓட்டை 8 முதல் 10 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும், இல்லாவிட்டால் பாதிக் கரி கீழே விழும். கூடைக்கும் பரலின் அடிக்கும் நடுவில் இடைவெளி விட மறக்காதீர்கள். அங்கே சாம்பல் சேரும், சாம்பல் உயர்ந்து காற்றுத் துளையை மூடினால் நடுச்சாமத்தில் நெருப்புப் படுத்துவிடும்.

மூட்டும்போது கூடை முழுவதையும் கொளுத்த வேண்டாம். கொளுத்தாத கரியை நிரப்பி, நடுவில் ஒரு குழி விட்டு, அதில் மட்டும் பத்துப் பதினைந்து தணல் துண்டுகளை வைத்தால் நெருப்பு மெதுவாகப் பக்கத்துக்குப் பரவும். ஏறத்தாழ ஐந்து கிலோ கரியில் எட்டு மணி நேரம் தாராளமாக ஓடும். மண்ணெண்ணெய் ஊற்றி மூட்டாதீர்கள், அந்த மணம் இறைச்சியில் ஏறும். தேங்காய் எண்ணெயில் தோய்த்த கடதாசி போதும்.

புகைக்கு எந்த மரம்?

கொய்யா என் முதல் தெரிவு. அடர்த்தியான மரம், புகை மென்மையாக இருக்கும், கோழிக்கும் பன்றிக்கும் நன்றாகப் பொருந்தும். நன்கு காய்ந்த மா அதற்கு அடுத்தது. கறுவாப் பட்டை உரித்த பின் மிஞ்சும் தடிகளைத் தென் பக்கத்தில் விறகாக எரிப்பார்கள், யாராவது ஊரிலிருந்து வரும்போது ஒரு கட்டு கொண்டுவரச் சொல்லுங்கள். மீனுக்கு அது அருமை.

மரம் எது என்பதைவிட அது நன்றாகக் காய்ந்திருப்பது முக்கியம். பச்சை மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீராகவே இருக்கலாம். 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் சுத்தமாக எரியும். கொழும்பு ஈரத்தில் அதற்கு மாதக்கணக்கு ஆகும். தரையில் போடாமல், மழை படாமல், காற்றோட்டமான இடத்தில் அடுக்கி வையுங்கள். இரண்டு துண்டைத் தட்டினால் மந்தமாக இல்லாமல் 'டங்' என்று கேட்க வேண்டும். மரத் துண்டைத் தண்ணீரில் ஊற வைக்கச் சொல்லும் குறிப்புகளை நம்ப வேண்டாம். அந்தத் தண்ணீர் ஆவியாகும் வரை புகையும் வராது, சூடும் வீணாகும். கைமுட்டி அளவான துண்டு மூன்று நான்கைக் கரிக்குள் புதைத்து வைத்தால் போதும்.

எரிக்கக் கூடாதவை: அலரி, அதன் புகையே நஞ்சு. கஜுக் கொட்டையின் தோட்டில் உள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கும், அதன் புகையும் அப்படித்தான். பெயின்ட் அடித்த பலகை, ப்ளைவூட், வார்னிஷ் பூசிய தளபாடத் துண்டு எதுவும் வேண்டாம். துறைமுகப் பக்கத்திலிருந்து வரும், சாமான் அடுக்கும் மரத் தட்டுகள் (பலட்) சிலவற்றை மெதைல் புரோமைட் என்னும் பூச்சி நஞ்சு அடித்து அனுப்புகிறார்கள், அவற்றையும் தவிருங்கள்.

புகை வெள்ளையாக அடர்த்தியாக வருகிறது. அது நல்லதுதானே?

இல்லை. அடர்ந்த வெள்ளைப் புகை என்றால் மரம் எரியாமல் வேகுகிறது என்று அர்த்தம். நமக்கு வேண்டியது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் மெல்லிய நீலப் புகை. மூட்டிய புதிதில் எல்லா அடுப்பும் வெள்ளையாகத்தான் விடும். குழாய் வாயில் முதலில் பஞ்சுபோல் உருண்டு வரும், பிறகு மெலியும், அரை மணி ஆகும்போது குழாய்க்கு மேலே காற்று நடுங்குவது மட்டும் தெரியும், பின்னால் மதில் இருண்ட நிறமாக இருந்தால் அதில் ஒரு நீலச் சாயல் தெரியும். அப்போது குழாய்க்குச் சற்றுத் தள்ளி முகர்ந்து பாருங்கள். கண் எரிந்தால் இன்னும் பொறுங்கள், பசி எடுத்தால் இறைச்சியை வையுங்கள். இந்தக் காத்திருப்பை விட்டுக்கொடுக்கவே கூடாது, வீட்டில் விருந்தாளிகள் வந்து உட்கார்ந்திருந்தாலும்.

கொழும்புக் காற்றிலேயே இவ்வளவு ஈரம் இருக்கிறதே, தணலுக்கும் இறைச்சிக்கும் நடுவில் தண்ணீர்த் தட்டு எதற்கு?

நியாயமான கேள்வி. வெளியே 30 பாகையில் 80 சதவீத ஈரப்பதன் உள்ள காற்று, அடுப்புக்குள் போய் 110 பாகைக்குச் சூடேறினால் அதன் ஈரப்பதன் இரண்டு மூன்று சதவீதமாகிவிடும். நீராவி அதே அளவுதான், சூடான காற்றின் கொள்ளளவு கூடிவிட்டது. ஆகவே இறைச்சிக்கு அது வறண்ட காற்றுத்தான். மெல்லிய துண்டு, கோழி நெஞ்சு, நீண்ட நேர வேலை என்றால் தட்டு உதவும்.

இன்னொரு வேலையும் அது செய்யும். தண்ணீர் 100 பாகைக்கு மேல் ஏறாது என்பதால் சூட்டின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும். தணலின் நேர்ச்சூட்டை மறைக்கும், கொழுப்பு தணலில் விழுந்து தீப்பற்றாமலும் பார்த்துக்கொள்ளும். மறுபக்கம், பரலடுப்பின் தனி ருசியே இறைச்சிச் சாறு தணலில் சொட்டி எழும் புகைதான். அதனால் தட்டைக் கழற்றி மாட்டும்படி வையுங்கள். கொழுப்பு நிறைந்த பன்றிக்குத் தட்டு போடுங்கள், முழுக் கோழிக்கு எடுத்துவிடுங்கள்.

மூடியில் ஒரு வெப்பமானி பொருத்தினால் போதாதா?

மூடியில் காட்டும் சூடும் இறைச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் சூடும் ஒன்றல்ல. பத்து இருபது பாகை வித்தியாசம் சாதாரணம். பரலின் பக்கத்தில், தட்டின் உயரத்தில் துளையிட்டு வெப்பமானியை மாட்டுங்கள், முள் உள்ளே நன்றாக நீண்டிருக்கட்டும். மலிவான டயல் வெப்பமானிகளை வாங்கியவுடன் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். கொழும்பு கடல் மட்டத்தில் இருப்பதால் 100 காட்ட வேண்டும், காட்டாவிட்டால் பின்பக்கத் திருகால் சரிசெய்யலாம். இறைச்சிக்குள் குத்திப் பார்க்க இன்னொன்று தனியாகத் தேவை. கோழி 74 பாகை என்று தெரியாமல் பரிமாறக் கூடாது.

செங்கல்லில் கட்டினால் இன்னும் நிலையாக இருக்குமே?

சொந்த வளவும் நிரந்தரமான இடமும் இருந்தால் தாராளமாகக் கட்டலாம். செங்கல் சூட்டைப் பிடித்து வைக்கும், கறள் பிடிக்காது. ஆனால் நெருப்புப் படும் பக்கத்தில் சீமெந்துக் கல்லோ சாதாரண சீமெந்துச் சாந்தோ வேண்டாம். சில நூறு பாகையில் அது வலுவிழந்து உதிரத் தொடங்கும், உள்ளே ஈரம் இருந்தால் தெறிக்கும். களிமண்ணும் மணலும் கலந்த சாந்தோ புற்றுமண்ணோ பாவியுங்கள், நம் பாட்டிமார் அடுப்புக் கட்டிய முறைதான். கட்டியபின் சில வாரம் உலர விட்டு, சின்னச் சின்ன நெருப்பாக மூட்டிப் பழக்குங்கள். வெளிப்பக்கத்துக்கு வழக்கமான சாந்து பூசலாம். நம் நாட்டு ரப்பர் தோட்டங்களின் புகைக் கூடங்களைப் பார்த்தவர்களுக்கு ஓர் யோசனை பிடிபடும்: நெருப்பு வேறிடத்தில், புகை அடியால் வந்து மேலே கூரை வழியாக வெளியேறும். மீனுக்கென்று கட்டுகிறவர்கள் அந்த அமைப்பையே சிறிதாக்கிக் கட்டலாம்.

மழை, கடற்காற்று, கறள்: என்ன செய்வது?

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, ஒக்டோபர் நவம்பரில் பிற்பகல் இடிமழை. மெல்லிய தகட்டில் மழை அடித்தால் சூடு நிமிடங்களில் சரியும். மேலே ஒரு கூரை வேண்டும், புகைபோக்கிக்கு மேல் குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளியோடு. பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். குழாய் வாய்க்கு இரண்டு அங்குலம் மேலே சின்னத் தொப்பி ஒன்று போடுங்கள்.

காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குக் காற்று பெரிய பிரச்சினை. காற்று நேராக அடிக்கும் துளையைத் திறந்து வைத்தால் நெருப்பு உங்கள் பேச்சைக் கேட்காது. துளைகளைச் சுற்றிலும் போடச் சொன்னது இதற்காகத்தான்: மேற்குப் பக்கத்தை மூடி, கிழக்குப் பக்கத்தைத் திறவுங்கள்.

கறளுக்கு வெளிப்பக்கம் சூடு தாங்கும் கறுப்பு பெயின்ட், உள்ளே எண்ணெய் மட்டும். உள்ளே ஒருபோதும் பெயின்ட் கூடாது. அடுப்பை நேராகத் தரையில் வைக்காமல் கால் அல்லது சில்லு பொருத்துங்கள்.

மாடி வீட்டின் பல்கனியில் வைக்கலாமா?

வேண்டாம். கரி எரியும்போது காபன் மொனொக்சைட் வரும், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. பல்கனிக் கதவு திறந்திருந்தால் அது அறைக்குள் வரும். மொட்டை மாடி என்றால் கட்டட நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு, ஓரத்தில், கீழே செங்கல் பரப்பி வைக்கலாம்.

தரை வீடாக இருந்தாலும் பக்கத்து வீட்டை நினையுங்கள். "தம்பி, காயப் போட்ட உடுப்பெல்லாம் புகை மணக்குது" என்று மேல் வீட்டு அக்கா சொன்னால் அவர் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. மூட்டும் நேரத்தை முதல் நாளே சொல்லி வையுங்கள், புகைபோக்கியை மதிலுக்கு மேலே உயர்த்துங்கள், வெந்ததும் ஒரு தட்டு அனுப்புங்கள். மெல்லிய புகைக்கு வந்துவிட்ட அடுப்பைப் பற்றி யாரும் முறையிட மாட்டார்கள்.

பழைய காஸ் சிலிண்டரை வெட்டிச் செய்யலாமா?

கூடாது. வெட்டும்போது வெடிக்கும் ஆபத்து உண்டு.

முதல் தடவை இறைச்சி வைப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

உள்ளே சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, காயவைத்து, தகடு முழுவதும் சமையல் எண்ணெயை மெல்லியதாகத் துணியால் பூசுங்கள். வழியும் அளவுக்குப் பூசினால் பிசுபிசுப்பாக நிற்கும். பிறகு வெறும் அடுப்பை 150 பாகைக்கு மேல் ஏற்றி, இரண்டு மூன்று மணி நேரம் எரிய விடுங்கள். எண்ணெய் இறுகிக் கறுத்த பூச்சாகும், நம் தோசைக் கல் பழகுவது போல. அந்த நேரத்திலேயே வால்வை எவ்வளவு திறந்தால் எத்தனை பாகை என்று குறித்து வையுங்கள். ஒவ்வொரு பரலுக்கும் அந்தக் கணக்கு வேறு.

முதலில் எதைச் சமைக்கலாம்?

முழுக் கோழி. ஒன்றரைக் கிலோக் கோழி 120 முதல் 135 பாகையில் மூன்று மணி நேர அளவில் முடியும். யாழ்ப்பாணக் கறித்தூள், உப்பு, கொஞ்சம் சீனி தடவினால் போதும், இந்தச் சூட்டில் தூள் கருகாது. ஆட்டுத் தொடைக்கு ஐந்தாறு மணி நேரம். பன்றித் தோள் மூன்று நான்கு கிலோ என்றால் பத்து மணி நேரத்துக்கு மேல். பெரிய துண்டுகளில் உள்ளே 65 முதல் 75 பாகைக்குள் சூடு மணிக்கணக்காக நகராமல் நிற்கும். மேற்பரப்பில் ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதுதான் காரணம், அடுப்பில் பிழை இல்லை. கரியை அள்ளிப் போடாமல் பொறுங்கள், இல்லையென்றால் வாழையிலையில் சுற்றி மீண்டும் வையுங்கள்.

போயா நாளில் சமைக்க நினைத்தால் முதல் நாளே இறைச்சி வாங்கி வையுங்கள், கடைகள் பூட்டியிருக்கும்.

மீனைக் குளிர்ப் புகையில் பதப்படுத்தலாமா?

குளிர்ப் புகை என்பது 30 பாகைக்குக் கீழே செய்யும் வேலை. நம் ஊரில் மர நிழலே 30 பாகை. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் நடுவில் மணிக்கணக்கில் கிடக்கும் மீனிலும் இறைச்சியிலும் கிருமி பெருகும். அதனால் வீட்டில் அந்த முயற்சி வேண்டாம், சூடான புகையே நமக்குச் சரி. மாலைதீவுக்காரர் மாசியை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள்: சூரையை முதலில் உப்புத் தண்ணீரில் அவித்து, பிறகு புகை காட்டி, பிறகு வெயிலில் காயவைக்கிறார்கள். வெப்ப நாட்டுக்கு ஏற்ற வழி அது.

பேலியகொடையில் அதிகாலையில் வாங்கிய அறக்குளாவையோ பாரையையோ தடித்த துண்டாக வெட்டி, உப்பில் ஒரு மணி நேரம் வைத்துக் கழுவித் துடைத்து, மேற்பரப்பு காய்ந்து லேசாக ஒட்டும் பதம் வரும் வரை குளிர்சாதனப் பெட்டியில் திறந்து வையுங்கள். பிறகு கறுவாத் தடிப் புகையில் ஒன்றரை மணி நேர அளவு. சூரை, கெலவல்லா வகைகளை வாங்கிய நேரம் முதல் ஐஸில் வைத்திருக்க வேண்டும். வெக்கையில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் நஞ்சு சேரும், அது சமைக்கும் எந்தச் சூட்டிலும் போகாது.

சாம்பலை எப்போது எடுப்பது?

மறுநாள், கை வைத்துப் பார்த்து முழுதாக ஆறிய பிறகு, இரும்பு வாளியில். சாம்பலுக்குள் தணல் ஒரு நாள் வரை ஒளிந்திருக்கும், பிளாஸ்டிக் வாளியில் கொட்ட வேண்டாம். ஆனால் அடுத்த சமையல் வரை அடுப்புக்குள்ளும் விட்டுவைக்காதீர்கள். சாம்பல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி அடித்தகட்டை அரிக்கும், பரல்கள் ஓட்டையாவது பெரும்பாலும் அங்கிருந்துதான். வெறும் மரத்தின் சாம்பலாக இருந்தால் வாழை அடியில் போடலாம்.